வேறு ஏதேனும் தேவை இருப்பின்

பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் அம்மீட்டர் எரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளையில். எரிந்தது என்றால் தீப்பிடித்து அல்ல. முள் ஒரே பாய்ச்சலில் வலது கோடிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய கருகல் வாடை வந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் நின்ற டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. தாவரவியலில் பட்டம் வாங்கியவர். எந்தப் பாடத்தை ஆரம்பித்தாலும் கையில் ஓர் இலையோடு வகுப்புக்குள் வருவார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் இலை டீச்சர். அந்தப் பெயர் ஆசிரியர் அறைக்கும் பரவி, இப்போது அவரைச் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. கால அட்டவணை போடும்போது அப்போதைய தலைமையாசிரியர், "அறிவியல்னா எல்லாம் அறிவியல்தானே டீச்சர்" என்று சொல்லி இவர் பெயரை எழுதிவிட்டார். அதிலிருந்து ஒளி, ஒலி, மின்சாரம், காந்தம் எல்லாம் இவர் தலையில்தான். புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். கரும்பலகையில் மின்சுற்றை அளவுகோல் இல்லாமலே நேராக வரைவார். தேர்ச்சி விகிதமும் மோசமில்லை. ஆனால் அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட ஆய்வகத்துப் பீரோவைத் திறந்து கம்பியை வெளியே எடுத்ததில்லை. செய்முறைக்கு உரிய அளவீடுகளைப் பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எடுத்தெழுதுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடுக்க வேண்டி வந்ததற்குக் காரணம் முன்வரிசையில் உட்காரும் ஒரு பெண். அவளுக்கு ஆசிரியர் அறையில் கேள்விக்குறி என்று பெயர். "டீச்சர், பீரோவுல இருக்கிறதை ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, மரியாதையாகத்தான் கேட்டாள். வகுப்பே 'ஆமா டீச்சர்' என்றது. மறுக்க ஒரு காரணம் உடனே வாயில் வரவில்லை.

அம்மீட்டரைத் தொடர் இணைப்பில் வைக்க வேண்டும், வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில் வைக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் படத்தில் நாலு நேர்கோடாக இருப்பது மேசையில் ஏழு கம்பிகளாகக் கிடந்தது. எல்லாம் ஒரே நிறம், சுருண்டு சுருண்டு ஒன்றன்மேல் ஒன்றாக. எந்தக் கோடு எந்தக் கம்பி என்று பிடிபடவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கருவிகளையும் பக்க இணைப்பிலேயே வைத்துவிட்டுச் சாவியைப் போட்டார்.

"என்ன டீச்சர் ஆச்சு?"

"கருவி பழசு. கெட்டுப்போச்சு. எல்லாரும் இடத்துல போய் உட்காருங்க, பலகையில படம் போடறேன்."

படம் போட்டார். சரியான படம். சுண்ணாம்புக்கட்டி மட்டும் இரண்டு தடவை ஒடிந்தது.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. நாற்பது நோட்டில் வழக்கம்போல ஒரே அளவீடுகள். போன வருடத்துப் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்து எடுத்தவை. கேள்விக்குறியின் நோட்டில் மட்டும் அட்டவணை காலியாக இருந்தது. அதற்குக் கீழே, 'முடிவு: கருவி பழையது என்பதால் சோதனை நடைபெறவில்லை' என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டிருந்தாள்.

இலை டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தபடி அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாற்பதிலும் எழுதியிருந்தது நடக்காத சோதனை. இதில் எழுதியிருந்தது, தான் சொன்ன பொய். எதில் கையெழுத்துப் போடுவது என்ற யோசனை வந்தது. கடைசியில் எல்லாவற்றிலும் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தலைப்பே இரண்டு வரி: உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களின் பணித்திறன் மேம்பாட்டுத் தேவைகளைக் கண்டறியும் ஆய்வு. முப்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். 'தேவையில்லை' என்றால் ஒன்று, 'மிகவும் தேவை' என்றால் ஐந்து.

இதை எப்படி நிரப்புவது என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அத்துப்படி. ஒன்றைச் சுழித்தால் தலைக்கனம் என்பார்கள். ஐந்தைச் சுழித்தால் விடுமுறை நாளில் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அதனால் எல்லோரும் இரண்டைச் சுழிப்பார்கள். நடுநடுவே நம்பகத்தன்மைக்காக ஒரு மூன்று. வேதியியல் டீச்சர் தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"இன்னுமா எழுதறீங்க? பரீட்சையா நடக்குது?" என்று இலை டீச்சரைக் கேட்டார்.

"கடைசிக் கேள்வி பாக்கி இருக்கு."

"அதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

கடைசிக் கேள்வி, 'வேறு ஏதேனும் தேவை இருப்பின் குறிப்பிடுக' என்பது. அதற்குக் கீழே மூன்று புள்ளிக்கோடுகள். பத்தொன்பது வருட வேலையில் அவர் நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் அந்தக் கோடுகளின் மேல் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தார். இந்தத் தடவை கோடுகள் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார்.

'நான் தாவரவியல் படித்தவள். பதினொரு ஆண்டுகளாக இயற்பியலும் நடத்துகிறேன். மின்சுற்றைப் பலகையில் சரியாக வரைவேன். மேசையில் இணைக்கத் தெரியாது. சென்ற வாரம் ஓர் அம்மீட்டரை எரித்துவிட்டேன். கருவி பழையது என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னேன். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, நான் என் கையால் செய்து பார்க்க வேண்டும். ஒரு நாள் போதும்.'

தலைமையாசிரியர் ஐந்து படிவங்களையும் அடுக்கி வைத்து, படிக்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. தலைமையாசிரியர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர்தான். பெரிய அதிர்வு எதுவும் இல்லாமல் ஓய்வு பெற வேண்டும் என்று நினைப்பவர். வேதியியல் படித்தவர், நாற்காலிக்கு வந்தபின் அதை மறந்தவர். கடிதத்தை மேசையில் திருப்பி வைத்தார்.

'தங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் தாம் கற்பிக்கும் பாடத்தைத் தாம் அறியாதவர் என எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பது குறித்து உரிய விளக்கம் அனுப்புக' என்றது கடிதம்.

"என்ன டீச்சர் இது? வம்பை வலியப் போய் இழுத்துட்டு வந்திருக்கீங்களே!"

"என்ன வேணும்னு கேட்டாங்க சார். சொன்னேன்."

"அவங்க கேப்பாங்க. கேக்கிறது அவங்க வேலை. அதுக்காக இப்படியா? பாடமே தெரியாதுன்னு..."

"பாடம் தெரியாதுன்னு எழுதல சார். இணைக்கத் தெரியாதுன்னுதான் எழுதினேன்."

"வெளியில இருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு செய்வோம். உடம்பு சரியில்லாத நேரத்துல எழுதினது, அர்த்தம் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் மேல பேசிக்கிறேன்."

"நாளைக்குச் சொல்றேன் சார்."

வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களை ஒழுங்குபடுத்தும்போது கணவரிடம் சொன்னார். அவர் மருந்துக்கடையில் மருந்தாளுநர். கடிதத்தின் நகலை மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஒரு வரிதானே? எங்க கடையில ஒரு மருந்து இல்லேன்னா 'இல்லை'ன்னா சொல்றோம்? 'சாயந்தரம் வரும்'னு சொல்லுவோம். ஆளு திரும்பி வருவான்."

"சரி. அந்த மருந்துக்குப் பதிலா வேற ஒண்ணைக் குடுப்பீங்களா?"

"அது எப்படி? உசுரு சம்பந்தப்பட்டது."

"நான் பதினோரு வருஷமா அதைத்தாங்க செஞ்சுட்டு இருக்கேன்."

கணவர் ஈரத் துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு, "உன் இஷ்டம்மா. ஆனா தனியா நிக்க வேண்டி வரும். அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

மறுநாள் விளக்கம் எழுதினார். 'படிவத்தில் எழுதியவை தெளிவான மனநிலையில் எழுதப்பட்டவை. கேட்கப்பட்ட கேள்விக்கு விடையாக எழுதப்பட்டவை. கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளது' என்று மூன்று வாக்கியம். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். இலை டீச்சர் எடுக்கவில்லை.

விஷயம் எப்படி வெளியே போனது என்று தெரியவில்லை. ஆசிரியர் அறையில் பேச்சு சட்டென்று நின்று போகும் அனுபவம் அவருக்கு முதல்முறையாக ஏற்பட்டது. "நீங்க உங்களைப் பத்தி எழுதிக்குங்க. எங்க எல்லாரையும் சேர்த்துல்ல சந்தேகப்படுவாங்க" என்றார் வேதியியல் டீச்சர். முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு பையனின் அப்பா வந்தார். வாடகை வண்டி ஓட்டுகிறவர். தலைமையாசிரியர் அறையில் இலை டீச்சரும் இருந்தார். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். பையன் பத்தாவது. எங்க வீட்டுல பத்தாவது வரைக்கும் வந்ததே இவன்தான். வேற பிரிவுக்கு மாத்திக் குடுத்தா நல்லாருக்கும்."

தலைமையாசிரியர் பேனாவை உருட்டினார். "அ பிரிவுக்கும் இந்த டீச்சர்தான்ப்பா."

வந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா" என்றார். பிறகு, "சரி, அப்ப நல்லா சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இலை டீச்சர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பயிற்சிக்கு உத்தரவு வந்தது. மூன்று நாள், கட்டாயம். உத்தரவில் அவர் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அது எதற்கு என்று யாரும் விளக்கவில்லை.

இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஒரு மண்டபம். நூற்றிப் பதினெட்டு அறிவியல் ஆசிரியர்கள். கழுத்தில் அட்டை, கையில் ஒரு கோப்பு, ஒரு பேனா. பேனா முதல் நாளே எழுத மறுத்தது. பயிற்சியாளர் இளவயதுக்காரர், நன்றாக உடுத்தியிருந்தார். முதல் நாள் முழுவதும் நேர்மறைச் சிந்தனை. ஆளுக்கொரு பலூன் கொடுத்து, மனதில் உள்ள தயக்கங்களை அதற்குள் ஊதி, ஒரே நேரத்தில் உடைக்கச் சொன்னார். நூற்றிப் பதினெட்டுப் பலூன் வெடித்ததில் வெளியே காவலுக்கு இருந்தவர் பதறி ஓடி வந்தார்.

இரண்டாம் நாள் செய்முறைக் கற்பித்தல். திரையில் ஒரு படம் ஓடியது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் மின்சுற்றை அழகாக இணைத்தன. பின்னணியில் இசை. முடிந்ததும் பயிற்சியாளர், "சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்றார்.

இலை டீச்சர் எழுந்தார். "கையில செஞ்சு பார்க்கக் கருவி ஏதாவது இருக்குங்களா?"

"அது அடுத்த கட்டம் மேடம்."

"அடுத்த கட்டம் எப்போங்க?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பயிற்சியாளரும் சிரித்தார். "நல்ல கேள்வி மேடம். உங்க ஆர்வத்துக்கு எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க" என்றார். கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். உயரம், சட்டைப் பையில் மூன்று பேனா, பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைக்கும் பழக்கம்.

"அந்தப் படிவம் எழுதினது நீங்கதானே?"

"ஆமா. விளக்கம் உங்களுக்கும் வேணுமா?"

"ஐயோ இல்லைங்க." அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் இயற்பியல் படிச்சவன். எங்க பள்ளியில பசங்க எனக்குக் கால்குலேட்டர்னு பேரு வெச்சிருக்காங்க. கம்பி, கண்ணாடி, காந்தம் எது வேணாலும் குடுங்க, கண்ணைக் கட்டிட்டுச் செய்வேன். ஆனா உயிரியலும் நான்தான் நடத்தணும்." குரலைத் தாழ்த்தினார். "இனப்பெருக்கப் பாடம் இருக்கில்ல, அதை எட்டு வருஷமா 'வீட்டுல படிச்சுக்குங்க'ன்னு சொல்லிடறேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சலே வந்துரும். பூவை வெட்டவும் தெரியாது. பூவுல ஆரம்பிச்சாத்தானே மனுஷனுக்கு வர முடியும்?"

இலை டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "உங்க படிவத்துல என்ன எழுதினீங்க?"

"எல்லாத்துக்கும் ரெண்டு."

மூன்றாம் நாள் மதியம் சான்றிதழ் வாங்குவதற்குள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் இலை டீச்சரின் பள்ளி ஆய்வகத்தில் கூடுவது. அவர் மின்சாரம் சொல்லித் தர வேண்டும், இவர் பூ.

தலைமையாசிரியர் முதலில் முடியவே முடியாது என்றார். "ஏதாவது உடைஞ்சா யாரு பொறுப்பு? அடுத்த பள்ளி ஆளு வேற." இலை டீச்சர் வாதாடவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள், "நான் இருக்கும்போதுதான் திறக்கணும்" என்று இறங்கி வந்தார். அதன்படி சனிக்கிழமை காலையில் வந்து, ஆய்வகத்துக் கதவருகே நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கால்குலேட்டர் சார் பீரோவிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். எரிந்த அம்மீட்டரையும் புரட்டிப் பார்த்தார். "பாவம், நல்ல கருவிதான்" என்று ஓரமாக வைத்தார்.

"இணைங்க."

"நீங்க காட்டுங்களேன்."

"நான் காட்டினா திரையில பார்த்தீங்களே, அந்தக் கையுறை மாதிரி ஆயிடும். நீங்க இணைங்க. தப்பா இருந்தா சாவி போடறதுக்கு முன்னால சொல்லிடறேன்."

இணைத்தார். தப்பு. பிரித்து மறுபடி இணைத்தார். அதுவும் தப்பு. விரல்கள் வியர்த்தன. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கதவருகே செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றுவிட்டதையும் கவனித்தார்.

"படத்தை மறந்துடுங்க டீச்சர்," என்றார் கால்குலேட்டர் சார். "ஒரு கம்பியைத் தொடுங்க. மின்சாரம் இங்கேருந்து கிளம்புது. விரலை எடுக்காம அது கூடவே போங்க. எது வழியா போகுதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

அவர் விரலைக் கம்பியின் மேல் வைத்தார். "இங்கேருந்து கிளம்புது. சாவி. சாவியிலேருந்து அம்மீட்டர். உள்ள போய் இந்தப் பக்கமா வெளியே வருது. அடுத்து மின்தடை. அப்புறம் திரும்பி வீட்டுக்கு."

"அவ்வளவுதான். அம்மீட்டர் வாசல்ல நிக்கிற ஆளு. எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போகணும். அதான் எத்தனை பேரு போறாங்கன்னு எண்ண முடியுது. வோல்ட்மீட்டர் அப்படி இல்ல. பக்கத்து வீட்டு ஜன்னல்லேருந்து எட்டிப் பார்க்கிறவரு. வரிசையில வரமாட்டாரு."

"இதைப் புத்தகத்துல எழுதக் கூடாதா?"

"எழுதினா மரியாதையா இருக்காதுங்களே."

மூன்றாவது தடவை இணைத்தார். சாவியைப் போட்டார். முள் நிதானமாக எழுந்து, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. மின்தடையை மாற்றியதும் இறங்கியது. திரும்ப மாற்றியதும் ஏறியது. அவர் காரணமே இல்லாமல் நாலைந்து தடவை அதை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பலகையில் பதினொரு வருடமாக எழுதிப் போட்ட அளவீடுகளுக்கு உயிர் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் முறை. பள்ளி வேலியோரத்துச் செம்பருத்தியில் பத்துப் பூ பறித்து வந்தார். சவரக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, சூலகத்துக்குள் வரிசையாக இருந்த வெள்ளை மணிகளைக் காட்டினார். கால்குலேட்டர் சார் முதல் மூன்று பூக்களைக் கூழாக்கினார். நாலாவது வந்தது. ஆனால் பூ அவருடைய கஷ்டம் இல்லை.

"இப்ப பாடத்தை நடத்துங்க," என்றார் இலை டீச்சர், காலிப் பெஞ்சுகளைக் காட்டி. "பேரைச் சொல்லணும். 'அது', 'அந்த உறுப்பு' எல்லாம் கூடாது."

அவர் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. 'கருப்பை' வரை வந்து, சுண்ணாம்புக்கட்டியை எடுக்கப் போவதுபோலத் திரும்பிக்கொண்டார். "பெஞ்சைப் பார்த்துச் சொல்லுங்க சார். பெஞ்சு சிரிக்காது" என்றார் இலை டீச்சர். பெஞ்சு சிரிக்கவில்லை, கதவருகே இருந்த செய்தித்தாள்தான் குலுங்கியது. நாலாவது தடவை நிறுத்தாமல் சொல்லி முடித்தார். முடித்ததும் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை தலைமையாசிரியர் நாற்காலியை உள்ளே நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஐந்தாம் சனிக்கிழமை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அந்த அமிலக் குடுவையை அப்படிப் பிடிக்காதீங்க டீச்சர், இங்க குடுங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். அதற்குள் வேறு இரண்டு பள்ளிகளிலிருந்து மூன்று பேர் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்திக்கு நுண்ணோக்கி என்றாலே பயம். வேதியியல் டீச்சர் மட்டும் வரவில்லை. தனக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்றார். இருந்திருக்கலாம்.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, இலை டீச்சர் பத்தாம் வகுப்பு ஆ பிரிவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். கருவிகள் மேசையில் தயாராக இருந்தன. தொடங்குவதற்கு முன்னால் சொன்னார்.

"அன்னைக்கு அம்மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன் இல்ல? கருவி பழசுன்னு. அது உண்மை இல்ல. நான் தப்பா இணைச்சேன். எனக்குத் தெரியல. இப்பத்தான் கத்துக்கிட்டேன்."

அவர் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. வாடகை வண்டிக்காரரின் மகன் பக்கத்துப் பையனைப் பார்த்தான். கேள்விக்குறி கையைத் தூக்கினாள்.

"எங்க தப்பு பண்ணீங்கன்னு காட்டுவீங்களா டீச்சர்?"

"காட்டறேன். ஆனா சாவி போட மாட்டேன்."

அப்போது சிரித்தார்கள். தப்பான இணைப்பை முதலில் செய்து காட்டினார், பிறகு சரியானதை. அதன்பின் ஏழு குழுவாகப் பிரித்து இணைக்கச் சொன்னார். ஐந்து குழு தப்பாக இணைத்தது. ஒவ்வொரு மேசையிலும் விரலைக் கம்பி மேல் வைக்கச் சொன்னார். மணி அடித்தபோது இரண்டு குழு இன்னும் முடிக்கவில்லை. அந்த இரண்டு குழுவும் அடுத்த வகுப்புக்குப் போகாமல் நின்றதற்காகக் கணக்கு டீச்சரிடம் திட்டு வாங்கின.

வருடக் கடைசியில் பயிற்சி அலுவலர் பள்ளிக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசும் பெண். ஆய்வுப் படிவங்களைத் தொகுத்ததும் தான்தான் என்றார்.

"அறுநூத்திப் பன்னெண்டு படிவம் மேடம். பின்பக்கம் எழுதினது உங்களோடது ஒண்ணுதான். அதை எந்தக் கட்டத்துல சேர்க்கிறதுன்னு தெரியல. 'இதர'ன்னு போட்டு மேல அனுப்பினேன். அது இப்படித் திரும்பி வரும்னு நினைக்கல. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லைம்மா. அதனாலதான் இவ்வளவும் நடந்தது."

அலுவலர் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வோர் ஆசிரியரும் வருடத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இலை டீச்சரின் கணக்கில் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

"அது பலூன் ஊதின பதினெட்டு," என்றார் தலைமையாசிரியர் பக்கத்திலிருந்து. "இங்க ஐம்பது மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நானே சாட்சி."

"தெரியுது சார். ஆனா அங்கீகரிச்ச பயிற்சியாளர் இல்ல, வருகைப் பதிவு இல்ல, பாடத்திட்டம் இல்ல. நான் எங்க எழுதறது?" பதிவேட்டை மூடினார். "நானும் ஒரு சனிக்கிழமை வரலாமா? வேலையா இல்ல, சும்மா."

அந்த வருட அறிக்கையில் இலை டீச்சரின் பெயருக்கு நேரே 'பயிற்சி நேரம் குறைவு' என்று பதிவானது. கால்குலேட்டர் சார் பெயருக்கு நேரேயும் அப்படியே. அலுவலர் மட்டும் சொன்னபடி இரண்டு சனிக்கிழமை வந்தார். இரண்டாவது தடவை அவரும் ஒரு பூவைக் கூழாக்கினார்.

புதிய கல்வியாண்டு தொடங்கி நாலு மாதம் ஆனபோது, ஒரு மாலையில் இலை டீச்சர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. கால்குலேட்டர் சார்.

"நடத்திட்டேன் டீச்சர். இன்னைக்கு. அந்தப் பாடத்தை."

"காய்ச்சல் வரலையா?"

"வர்ற மாதிரிதான் இருந்தது. பசங்க ஒரு ஏழு நிமிஷம் சிரிச்சாங்க. நான் பெஞ்சைப் பார்த்துட்டே நின்னேன். அப்புறம் அவங்களுக்கே அலுத்துப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு பொண்ணு எழுந்து ஒரு கேள்வி கேட்டா பாருங்க, எனக்குப் பாதிதான் தெரியும். நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்ன கேட்டா?"

"பொறக்கிறது ஆணா பொண்ணான்னு யாரால முடிவாகுதுன்னு. அவங்க அம்மாவுக்கு மூணு பொண்ணாம். வீட்டுல அம்மாவைத்தான் சொல்லிக் காட்டுவாங்களாம்."

பேருந்து வந்து நின்றது. இலை டீச்சர் ஏறவில்லை. இரைச்சலில் கேட்பதற்காகக் குரலை உயர்த்திப் பேசினார். "நல்லாக் கேட்டுக்குங்க சார். கருமுட்டையில எப்பவும் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் இருக்கும். அது ஒரே வகை. விந்தணுவுலதான் ரெண்டு வகை, எக்ஸ், ஒய். எது வந்து சேருதோ அதைப் பொறுத்துத்தான். எக்ஸ் சேர்ந்தா பொண்ணு, ஒய் சேர்ந்தா ஆணு. அம்மா கிட்ட மாத்திக் குடுக்க வேற எதுவும் இல்ல. இதை அப்படியே சொல்லுங்க, முழுங்காம சொல்லுங்க."

எதிர்முனையில் அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார், இலை டீச்சர் சொன்னார். தொலைபேசியைப் பைக்குள் போடும்போதுதான், பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். சத்தமாகப் பேசிவிட்டோம் என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது.

அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்கக்கா," என்றாள். "இப்ப போன்ல சொன்னீங்களே, அதை எனக்கும் ஒரு தடவை சொல்றீங்களா?"